பாவைக்கு உயிரளித்த வில்லிஸ் ஓப்ரையன்

திரையரங்கிற்குச் சென்று படம் காண்போர் பலர். அப்படத்தில் நடித்தாரின் பெயரை நினைவில் வைப்போரும் பலர். ஆயின், தம் முகம் காட்டாது, குரல் கேட்பியாது, விளக்கொளிக்கு அப்பால் நின்று உழைத்தாரை எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. 1933-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் வெளிவந்த கிங் காங் என்னும் படத்தைக் கண்டாரும், காணாதாராயினும் அதனைப்பற்றிக் கேட்டாரும் உலகெங்கும் உளர். நியூயார்க் நகரில் வானளாவி நிற்கும் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியில் ஏறி நின்று, விமானங்களோடு பொருது, இறுதியில் வீழ்ந்துபட்ட அம்மாபெருங் குரங்கின் உருவம் இன்றளவும் மக்கள் மனத்தைவிட்டு அகலவில்லை. அக்குரங்கு ஒன்றரை முழத்திற்கு மேற்படாத ஒரு சிறு பாவை என்பதையும், உலோகமும் ரப்பரும் முயல்தோலும் சேர்ந்தமைந்தது அது என்பதையும், அதனைச் சினக்கவும் அஞ்சவும் அன்பு செய்யவும் வைத்த கைகளுக்குரியவர் யாவர் என்பதையும் அறிந்தார் எத்துணைப் பேர்? அவரே வில்லிஸ் ஓப்ரையன். அவருடைய வாழ்க்கையையும், அவ்வாழ்க்கையோடு பிரிக்கவொண்ணாதபடி பின்னிக்கிடக்கும் ஒரு கலையின் இயல்பையும் இக்கட்டுரையிற் சுருக்கமாகக் கூற முயல்வேன்.

முதற்கண் அக்கலை இன்னதென அறிதல் நலம். சலனப்படம் என்று நாம் கூறுவது உண்மையிற் சலனமற்ற படங்களின் வரிசையே. பேசும்படம் தோன்றிய காலந்தொட்டு ஒரு விநாடிக்கு 24 படங்கள் வீதம் திரையில் விழுவது வழக்கமாயிற்று. அவற்றுள் ஒவ்வொன்றும் அசைவற்றதே. எனினும் அவை ஒன்றன்பின் ஒன்றாய் விரைந்து வருதலால், நம் கண்ணும் கருத்தும் இடைவெளியைத் தாமே நிரப்பிக்கொண்டு, அசைவைக் கண்டதாக மயங்குகின்றன. நடிகரைப் படம் பிடிக்கும்போது காமிரா இடையறாது ஓடுகிறது. ஸ்டாப் மோஷன் என்னும் முறையிலோ, காமிரா ஒரு படத்தை எடுத்தவுடன் நின்றுவிடுகிறது. கலைஞர் பாவையை அணுகி, அதன் கையையோ காலையோ இம்மியளவு நகர்த்துகிறார். நகர்த்தியபின் விலகி நிற்கிறார். மீண்டும் ஒரு படம் எடுக்கப்படுகிறது. இங்ஙனம் 24 முறை செய்தால் ஒரு விநாடி ஆகும். 1,440 முறை செய்தால் ஒரு நிமிடம் ஆகும்.

நம் ஊர்த் திருவிழாக்களிற் காணும் பொம்மலாட்டத்திற்கும் இதற்கும் உள்ள வேற்றுமை கருதத்தக்கது. பொம்மலாட்டத்தில் ஆட்டுவோனுடைய கையும் ஆடும் பாவையும் ஒரே கணத்தில் இயங்குகின்றன. நூல் அவ்விரண்டையும் இணைக்கிறது. ஸ்டாப் மோஷனில் நூலும் இல்லை; கையும் இல்லை. கை இருக்கும்போது காமிரா உறங்குகிறது. காமிரா விழிக்கும்போது கை விலகிவிடுகிறது. எனவே, பாவை நடந்ததை நேரிற் கண்டவர் எவருமிலர். அதனை நடப்பித்தவரும் கண்டிலர். பிலிம் கழுவப்பட்டுத் திரையில் ஓடும்போதுதான் அந்நடை முதன்முதலாகப் பிறக்கிறது.

இது கேட்பதற்கு எளிது, செய்வதற்கு அரிது. காமிராவும் விளக்கும் மேசையும் அணுவளவும் அசையலாகா. பாவையின் ஒரு காலை நகர்த்தும்போது மற்றொரு கால் பிறழலாகாது. முந்திய நிலை யாது, அடுத்த நிலை யாது என்னும் கணக்கு மனத்தினின்றும் வழுவலாகாது. எல்லா நகர்வும் ஒரே அளவினதாக இருந்தால் பாவை கடிகார முள்போல் இயங்குமேயன்றி உயிருள்ளதுபோல் தோன்றாது. உயிருள்ள பொருள் மெல்லத் தொடங்கி, இடையில் விரைந்து, மெல்ல ஓய்கிறது. பெருத்த விலங்கு அடிவைத்தால் அதன் உடல் ஒரு கணம் தாழ்ந்து பின் நிமிர்கிறது. இவற்றையெல்லாம் நகர்த்தும் அளவின் குறைவாலும் மிகுதியாலுமே காட்டுதல் வேண்டும். நெருக்கமாக நகர்த்தினால் மந்தம். அகல நகர்த்தினால் விரைவு. பாவைக்குக் கனத்தையும் களைப்பையும் கருத்தையும் கொடுப்பது இந்நுண்ணிய அளவையே. ஒரு பிழை நேரின், அன்று காலை முதற் செய்த வேலை முழுவதும் வீணாம்.

இக்கலையை முதன்முதற் கண்டவர் ஓப்ரையன் அல்லர். அவருக்கு முன்பே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சிலர் விளையாட்டுப் பொம்மைகளையும் தீக்குச்சிகளையும் இவ்வாறு இயக்கிக் காட்டினர். 1910-ஆம் ஆண்டையொட்டி ஸ்டாரேவிச் என்பார் இறந்த வண்டுகளின் கால்களை இவ்வாறு அசைத்து அவற்றை நடிகராக்கினார். ஆயின் அவையெல்லாம் பெரும்பாலும் வேடிக்கையளவில் நின்றன. உயிரற்ற பாவையை மெய்யான மாந்தரோடு ஒரே காட்சியில் நிறுத்தி, காண்போர் அதற்காக இரங்கும்படி செய்தவர் ஓப்ரையனே.

வில்லிஸ் ஓப்ரையன் 1886-ஆம் ஆண்டு மார்ச்சு 2-ஆம் நாள் கலிபோர்னியா மாநிலத்து ஓக்லண்டு நகரிற் பிறந்தார். பள்ளியில் அமர்ந்து பயிலும் பொறுமை இளமையில் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. பதினோராம் வயதில் வீட்டைவிட்டு வெளியேறி மாட்டுப் பண்ணைகளில் வேலை செய்தார். பதின்மூன்றாம் வயதில் மீண்டும் வெளியேறினார். பண்ணையாளாகவும், தொழிற்சாலைக் கூலியாகவும், மென்மயிர்த் தோலுக்காக விலங்குகளைப் பொறிவைத்துப் பிடிப்பவராகவும், மதுக்கடைப் பணியாளராகவும் அவர் காலங் கழித்தார். ஆரிகன் மாநிலத்துக் கிரேட்டர் ஏரிப் பகுதியில், மண்ணிற் புதைந்த பண்டைக்கால உயிர்களின் எலும்புகளை ஆராய வந்த அறிஞர்களுக்கு வழிகாட்டியாகவும் இருந்தார். டைனோசார் எனப்படும் பேருயிர்களின்மீது அவர் கொண்ட காதல் அங்கே அரும்பியது. ஓய்ந்த நேரங்களிற் படம் வரைவதும் உருவங்கள் சமைப்பதும் அவர் வழக்கம். அத்திறமையால் கட்டடக் கலைஞர் ஒருவரிடம் வரைபடம் எழுதுபவரானார். பின்னர் சான் பிரான்சிஸ்கோ நகரத்துச் செய்தித்தாள் ஒன்றில் விளையாட்டுச் செய்திகளுக்குக் கேலிச்சித்திரம் வரைந்தார். அந்நாட்களிலேயே குத்துச்சண்டையிலும் இறங்கி, முதல் ஒன்பது போட்டிகளில் வென்று, பத்தாவதில் தோற்று, அத்தொழிலை விட்டார். ரயில்வேயிலும் வேலை பார்த்தார். சலவைக்கற் சிற்பியாகவும் பணி செய்தார்.

இவை யாவும் தொடர்பற்ற அலைச்சல்கள் என அந்நாளில் அவரை அறிந்தோர் எண்ணியிருத்தல் கூடும். ஆயின் பின்னர் நிகழ்ந்தவற்றை நோக்குங்கால், ஒன்றும் வீண்போகவில்லை என்பது புலனாகும். விலங்கின் நடையைப் பண்ணையிற் கற்றார். எலும்பின் அமைப்பை ஏரிக்கரையிற் கற்றார். உருவத்தின் திரட்சியைச் சலவைக்கல்லிற் கற்றார். அடிக்குமுன் உடல் பின்வாங்குவதையும், அடிபட்டபின் தள்ளாடுவதையும் குத்துச்சண்டை மேடையிற் கற்றார்.

சான் பிரான்சிஸ்கோவில் 1915-ஆம் ஆண்டு ஒரு சர்வதேசப் பொருட்காட்சி நடைபெற்றது. அதன் கட்டட வேலைகளில் உதவியாளராக இருந்த ஓப்ரையன், களிமண்ணால் ஒரு டைனோசாரையும் ஒரு குகை மனிதனையும் செய்து, செய்திப் படமெடுக்கும் நண்பர் ஒருவரின் காமிராவைக்கொண்டு அவற்றை இயக்கிப் பார்த்தார். அம்முயற்சி ஒன்றரை நிமிடமே ஓடியது. அதனைக் கண்ட படக்காட்சித் தொழிலாளர் ஒருவர் 5,000 டாலர் கொடுத்து ஒரு முழுக் குறும்படம் செய்யச் சொன்னார். அதுவே டைனோசாரும் காணாமற்போன கண்ணியும் என்னும் பொருள்பட அமைந்த முதற் படம். அதனை எடிசனின் நிறுவனத்தார் விலைக்கு வாங்கியதோடு, ஓப்ரையனையும் தம்மிடம் அமர்த்திக்கொண்டு, பண்டைக் காலத்தைப்பற்றிய சில வேடிக்கைப் படங்களை 1917-ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

அவ்வேலை முடிந்தபின் டாலி என்னும் ஒருவருக்காக அவர் செய்த படம் 1919-இல் வெளிவந்தது. ஸ்லம்பர் மலையின் ஆவி என்பது அதன் பெயர். ஏறக்குறைய 3,000 டாலர் செலவில் எடுக்கப்பட்ட அது, ஒரு லட்சம் டாலருக்குமேல் ஈட்டிற்று என்பர். ஆயின் படத்தைப் பெரிதும் குறைத்து வெளியிட்ட டாலி, பாவைகளை இயக்கிய பெருமையையும் தமதெனச் சாற்றிக்கொண்டார். தம் உழைப்பின் பயனைப் பிறர் பெயரிற் காணும் நிலை ஓப்ரையனுக்கு அதுவே முதன்முறை. அதுவே இறுதி முறையாகவும் இருந்திலது.

பின்னர் அவர் மேற்கொண்டது தி லாஸ்ட் வேர்ல்ட் என்னும் பெரும்படம். ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயில் 1912-இல் எழுதிய நாவலே அதன் கதை. பண்டை விலங்குகள் அழியாது வாழும் ஒரு பீடபூமிக்கு அறிஞர் சிலர் செல்வதை அது கூறுகிறது. இம்முறை களிமண் பயன்படாதென ஓப்ரையன் உணர்ந்தார். விளக்கின் வெப்பத்தில் அது இளகும். விரல் பட்டவிடமெல்லாம் பள்ளமாகும். ஆதலின் அவர் மெக்சிகோவிற் பிறந்த மார்செல் டெல்காடோ என்னும் இளைஞரைத் துணைக்கொண்டார். லாஸ் ஏஞ்சல்ஸ் கலைப்பள்ளியில் அவரைக் கண்ட ஓப்ரையன், தம்மிடம் வேலைக்கு வருமாறு அழைத்தார். டெல்காடோ முதலில் இசையவில்லை. ஒருநாள் ஸ்டூடியோவைப் பார்க்க வருமாறு அழைத்துச் சென்று, கருவிகள் நிறைந்த ஓர் அறையைக் காட்டி, அஃது அவருக்கேயென ஓப்ரையன் கூறவே, அவ்விளைஞர் மனம் மாறினார்.

அவ்விருவரும் கூடிச் செய்த பாவைகளின் அமைப்பு பின்வந்தோர்க்கெல்லாம் முன்மாதிரியாயிற்று. உள்ளே உலோகத்தாலான எலும்புக்கூடு. அதன் மூட்டுக்களில் நம் தோள்மூட்டைப்போன்ற பந்துக்கிண்ண அமைப்பு. அம்மூட்டு, தள்ளிய பக்கமெல்லாம் திரும்பும். விட்ட நிலையிலே நிற்கும். இவ்விரு குணமும் ஒருங்கே இல்லாவிடின் பாவை படமெடுப்பதற்குள் சாய்ந்துவிடும். எலும்பின்மேல் கடற்பஞ்சு முதலியவற்றால் தசை. தசையின்மேல் ரப்பர்ப் பாலாலான தோல். சில பாவைகளுள் காற்றுப் பைகளை வைத்துச் சிறிது சிறிதாக ஊதியும் தளர்த்தியும் மூச்சு விடுவதுபோலக் காட்டினர். சார்லஸ் நைட் என்னும் ஓவியர் அருங்காட்சியகங்களுக்காகத் தீட்டிய பண்டை விலங்குகளின் ஓவியங்களைப் பார்த்து, ஏறக்குறைய ஐம்பது பாவைகள் செய்யப்பட்டன.

படம் முடியுமுன்னரே 1922-ஆம் ஆண்டு ஜூன் மாதம் கோனன் டாயில் ஒரு குறும்பு செய்தார். நியூயார்க்கில் மந்திரவித்தைக்காரர் சங்கத்து விருந்தில், ஹௌதினி முதலிய பெருவித்தகர் கூடியிருந்த அவையில், ஓப்ரையனின் சோதனைப் படத்தை யாதொரு விளக்கமுமின்றி ஓடவிட்டார். கண்கட்டு வித்தையிற் கைதேர்ந்த அவர்களே அது யாதெனக் கூறமாட்டாது திகைத்தனர். மறுநாட் செய்தித்தாளிலும் அவ்வியப்பே வெளிவந்தது. தம் கையெழுத்தால் உண்மையை விளக்கும்வரை கோனன் டாயில் அம்மயக்கத்தை நீடிக்கவிட்டார். 1925-இற் படம் வெளிவந்து பெரும்புகழ் பெற்றது.

அதனையடுத்து ஆர்.கே.ஓ. என்னும் கம்பெனியில் கிரியேஷன் என்னும் பெயரால் மற்றொரு படம் தொடங்கப்பட்டது. நெடுநாள் உழைப்பும் மிகுந்த பொருளும் அதிற் செலவாயின. நாடு முழுவதும் பொருளாதார மந்தத்தால் வாடிய காலம் அது. கம்பெனியின் கணக்குகளைச் சீர்செய்ய வந்த மெரியன் கூப்பர் என்பார், எடுத்தவரையிற் படத்தைப் பார்த்து, அதிற் கதையில்லை எனக் கண்டு நிறுத்திவிட்டார். ஆயின் பாவைகளின் உயிர்ப்பு அவர் கருத்தைக் கவர்ந்தது. மாபெருங் குரங்கு ஒன்றைப்பற்றிய படமெடுக்க அவர் நெடுநாளாக எண்ணியிருந்தார். அதற்கு மெய்யான குரங்கைத் தேடவேண்டுவதில்லை என்பதை ஓப்ரையனின் மேசையருகே நின்று உணர்ந்தார். ஒரு படத்தின் சாவே மற்றொரு படத்தின் பிறப்பாயிற்று.

கிங் காங்கிற்காகச் செய்யப்பட்ட பாவைகள் 18 அங்குலமும் 24 அங்குலமும் உயரமுடையன. முகத்தை அருகிற் காட்டுவதற்கெனப் பெரியதோர் தலையும், நடிகை பே ரேயைத் தாங்குவதற்கென ஒரு பெருங்கையும் தனியே அமைக்கப்பட்டன. காடு, பாவையின் அளவுக்கேற்ற சிறு காடு. கண்ணாடித் தகடுகளின்மேல் மரங்களையும் கொடிகளையும் தீட்டி, அத்தகடுகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி, அவற்றிடையே பாவையை வைத்தமையால், மேசையளவிலமைந்த இடம் ஆழ்ந்து அகன்ற கானகமாய்த் தோன்றியது. மாந்தரையும் குரங்கையும் ஒன்றுசேர்த்த முறை அதனினும் நுட்பமானது. முன்னரே நடிகரை எடுத்த பிலிமை, சிறு காட்டினுள் மறைத்துவைத்த சிறு திரையொன்றின் பின்புறமிருந்து ஒவ்வொரு படமாக விழச்செய்வர். நடிகர் நிலை ஒருபடி மாறுந்தோறும் குரங்கின் நிலையையும் ஒருபடி மாற்றி, இரண்டையும் ஒருங்கே படமெடுப்பர். இங்ஙனம் ஒரு நாள் முழுதும் உழைத்துச் சில விநாடிகளைப் பெற்றனர். இடையில் நிறுத்தினால் விளக்கொளியும் பாவையின் நிலையும் மாறிவிடுமாதலின், தொடங்கிய காட்சியை முடித்தன்றி அவர்கள் எழுவதில்லை. காட்டில் வைத்திருந்த உயிருள்ள செடியொன்று, படமெடுத்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல மலர்ந்ததை எவரும் கவனிக்கவில்லை என்றும், பிலிமைக் கழுவிப் பார்த்தபோது போராட்டத்தின் நடுவே ஒரு பூ விரைந்து விரிவது தெரிந்தது என்றும், அதனால் ஒரு நாள் வேலை பாழாயிற்று என்றும் ஒரு செய்தி வழங்கிவருகிறது.

குத்துச்சண்டைக்காரராக ஓப்ரையன் பெற்ற பயிற்சி இப்படத்தில் வெளிப்பட்டது. கொடிய டைனோசாரோடு காங் புரியும் போர் விலங்குகளின் போர் அன்று. குத்தியும் விலகியும் மடக்கிப் பிடித்தும் மல்லர் புரியும் போர். அதனினும் நுட்பமானது போர் முடிந்தபின் வருவது. பகையைக் கொன்ற காங், செத்த விலங்கின் தாடையைத் தூக்கிப் பார்க்கிறது. அது தானே விழக்கண்டு மீண்டும் அசைத்துப் பார்க்கிறது. சாவு இன்னதென விளங்காத குழந்தையின் செயல் அது. கொடுமையும் பேதைமையும் ஓருடலில் உறைவதைச் சொல்லின்றி விளக்கியது அச்சிறு அசைவு. ஆதலினாலேயே கட்டடத்தின் உச்சியினின்று அது வீழும்போது மக்கள் மகிழாமல் வருந்தினர்.

இப்படத்தில் ஒரு குறை உண்டு. காங்கின் மயிர் ஓயாது சிலிர்த்துக்கொண்டே இருக்கும். பாவையைப் பற்றி நகர்த்தும்போதெல்லாம் ஓப்ரையனின் விரல் பட்டு முயல்மயிர் கலைந்தது. படத்திற்குப் படம் அது மாறி விழுந்தது. திரையில் அதனைக் கண்டு அவர் நாணினார். கம்பெனி அதிகாரிகளோ, சினத்தால் குரங்கு மயிர் சிலிர்ப்பதாக எண்ணிப் பாராட்டினர் என்பர். உண்மையில் அச்சிலிர்ப்பு அவருடைய கைரேகை. படம் முழுவதிலும் அவர் தம் கையைக் காட்டிய இடம் அஃதொன்றே.

1933-ஆம் ஆண்டு மார்ச்சு 2-ஆம் நாள் நியூயார்க்கில் இரு பெரிய அரங்குகளில் கிங் காங் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. அன்று ஓப்ரையனுக்கு 47-ஆம் பிறந்தநாள். வங்கிகள் கதவடைத்துக்கொண்டிருந்த அப்பஞ்ச காலத்திலும் மக்கள் திரண்டு வந்தனர். தந்திரக் காட்சிகளுக்கென்று ஆஸ்கார் பரிசு வழங்கும் வழக்கம் அந்நாளில் ஏற்பட்டிருந்திலது. ஆதலின் அத்துணை வியத்தகு வேலைக்கு அப்பரிசு கிடைக்கவில்லை.

அவ்வாண்டே அவர் வாழ்வில் இருள் சூழ்ந்த ஆண்டும் ஆயிற்று. அவருக்கு முதல் மனைவியால் இரு புதல்வர் இருந்தனர். அவருள் மூத்தவன் கண்பார்வை இழந்தவன். மணவாழ்வு முறிந்து மனைவி பிரிந்து வாழ்ந்தாள். நோயால் உடலும், துயரால் உள்ளமும் நலிந்திருந்த அவள், 1933 அக்டோபரில் இரு சிறுவரையும் சுட்டுக் கொன்று, தன்னையும் சுட்டுக்கொண்டாள். அவள் உயிர் அப்போது போகவில்லை. அடுத்த ஆண்டு நோயால் மாண்டாள். காங்கின் மகன் என்னும் தொடர்ச்சிப் படத்தில் அப்போது ஓப்ரையன் ஈடுபட்டிருந்தார். அவசரத்திலும் சிக்கனத்திலும் தொடங்கிய அப்படம் முதலே அவருக்கு உவப்பாக இல்லை. இதன்பின் அதன் பேச்சே அவருக்குக் கசந்தது. மகன் என்னும் சொல்லைப் பெயரிற் கொண்ட படம் அது. உயிரற்றவற்றிற்கு உயிரளிப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவர், தம் உயிரனையாரைக் காக்க இயலாமற் போனதை எண்ணும்போது, எழுதுகின்ற என் கையும் தயங்குகின்றது. 1934 நவம்பரில் அவர் டார்லீன் என்னும் மாதரை மணந்தார். அவ்வம்மையார் இறுதிவரை அவருக்கு உறுதுணையாய் நின்றார்.

பின்வந்த ஆண்டுகள் முடிவுபெறாத முயற்சிகளால் நிறைந்தவை. பெருங்கழுகுகளின்மேல் ஏறிப் போர்புரியும் வீரரைப்பற்றிய படம் ஒன்று தொடங்கி, இரண்டாம் உலகப் போர் மூண்டதும் நின்றது. க்வாங்கி என்னும் படம், பாவைகளும் ஓவியங்களும் ஆயத்தமான நிலையிற் கைவிடப்பட்டது. பல மாதங்கள் வரைந்த சித்திரங்களைச் சுருட்டிவைத்துவிட்டு மீண்டும் வெற்றுத்தாளை எடுக்கும் நிலை அவருக்குப் பழகிப்போயிற்று.

ஆயின் அக்காலத்திலேயே அவர் அறியாமல் ஒரு விதை முளைத்தது. கிங் காங் வெளிவந்த ஆண்டில் பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் ஹாலிவுட்டில் அதனைக் கண்டு, தன்னை மறந்து வீடு திரும்பினான். அவன் பெயர் ரே ஹாரிஹாஸன். பாவைகள் எவ்வாறு நடந்தன என்பதைத் தேடித் தேடி அறிந்து, தானும் செய்யத் தொடங்கினான். சில ஆண்டுகளுக்குப்பின், தான் செய்த டைனோசார்ப் பாவைகளை ஒரு பெட்டியில் வைத்துக்கொண்டு ஓப்ரையனைக் காணச் சென்றான். பெரியவர் அப்பாவையைக் கையில் எடுத்துப் பார்த்து, அதன் கால்களில் தசையில்லை, உள்ளே இறைச்சி அடைத்த குழல்போல் இருக்கின்றன எனக் கூறி, உடற்கூற்றைக் கற்றுவருமாறு பணித்தார். இளைஞன் உளஞ்சோரவில்லை, சென்று கற்றான். புகழ்ச்சி கேட்க வந்தவனுக்குக் குறையைக் காட்டிய ஆசானும், குறையைக் கேட்டும் நில்லாது வளர்ந்த மாணவனும் கிடைத்தற்கரியர்.

மைட்டி ஜோ யங் என்னும் படத்தில் அவ்விருவரும் ஒன்றுகூடினர். 1949-இல் வெளிவந்த அப்படமும் ஒரு குரங்கைப்பற்றியதே. ஆயின் இக்குரங்கு இறுதியில் தீப்பற்றிய அனாதை விடுதியிலிருந்து குழந்தைகளைக் காக்கிறது. திட்டங்களையும் காட்சியமைப்பையும் ஓப்ரையன் கவனிக்க, பாவையை இயக்கும் வேலையிற் பெரும்பகுதியை ஹாரிஹாஸன் செய்தார். அப்படத்தின் தந்திரக் காட்சிகளுக்கு 1950-ஆம் ஆண்டு ஆஸ்கார் பரிசு கிடைத்தது. ஓப்ரையனுக்கு அப்போது வயது 64. எரியும் வீட்டிலிருந்து குழந்தைகள் உயிரோடு மீளும் அக்காட்சியை அமைக்கும்போது அவர் உள்ளம் என்ன எண்ணியதோ, நாம் அறியோம். அதனை அவர் எவரிடமும் கூறியதாகச் செய்தியில்லை.

பரிசு வந்ததேயன்றி வேலை வரவில்லை. பாவைப்படத்திற்கு நாளும் பொருளும் மிகுதியாக வேண்டுமென முதலாளிகள் அஞ்சினர். 1957-இல் கருந்தேள் என்னும் பொருளுடைய சிறு படமொன்றிலும், 1959-இல் கடற்பேருயிரைப்பற்றிய மற்றொரு படத்திலும் குறைந்த செலவில் அவர் பணி செய்தார். 1960-இல் தி லாஸ்ட் வேர்ல்ட் மீண்டும் எடுக்கப்பட்டபோது அவர் பெயரை வைத்துக்கொண்டனர். ஆயின் பாவைகளை விலக்கி, உயிருள்ள பல்லிகளுக்குக் கொம்பும் செதிலும் ஒட்டிப் படமெடுத்தனர். அவர் மனத்திற் கருக்கொண்டிருந்த மற்றொரு காங் கதையும் அவர் கையைவிட்டுப் போயிற்று. அதனைப் பெற்ற தயாரிப்பாளர் ஒருவர் ஜப்பானியக் கம்பெனியிடம் சேர்ப்பிக்க, அது 1962-இல் காங்கும் காட்ஸில்லாவும் பொரும் படமாக, பாவைக்கு மாறாக வேடமணிந்த மனிதனைக்கொண்டு அங்கே எடுக்கப்பட்டது. தம் கதை அவ்வாறு உருமாறியதை ஓப்ரையனுக்கு எவரும் முன்னறிவிக்கவில்லை.

அவ்வாண்டு நவம்பர் 8-ஆம் நாள் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் மாரடைப்பால் அவர் உயிர் நீத்தார். அப்போதும் அவர் கையில் வேலை இருந்தது; நகைச்சுவைப் படம் ஒன்றிற்காக, தீயணைக்கும் ஏணியில் தொங்கும் சிறு மனிதப் பாவைகளுக்குரிய காட்சியை அவர் அமைத்துக்கொண்டிருந்தார்.

இறந்தபின் வந்த பெருமைகள் பல. அவர் கைவிட நேர்ந்த க்வாங்கியை, அவர் மாணவர் ஹாரிஹாஸன் 1969-இற் படமாக்கி வெளியிட்டார். அமெரிக்க நாட்டின் காக்கத்தக்க படங்களின் பட்டியலில் கிங் காங் 1991-ஆம் ஆண்டிலும், தி லாஸ்ட் வேர்ல்ட் 1998-ஆம் ஆண்டிலும் சேர்க்கப்பட்டன. 1997-இல் இயங்குபடக் கலைஞர் சங்கத்தின் வின்சர் மக்கே பரிசு அவர் பெயருக்கு அளிக்கப்பட்டது. 2013-இல் தம் 92-ஆம் வயதில் மறைந்த ஹாரிஹாஸன், தம் ஆசானின் பெயரைச் சொல்லத் தவறியதில்லை. 1993-ஆம் ஆண்டில் ஜுராசிக் பார்க் என்னும் படத்தில் டைனோசார்கள் கணிப்பொறியால் இயங்கின. பாவைகளுக்கு இனி இடமில்லை எனப் பலரும் கருதினர். ஆயின் அதே ஆண்டில் முழுவதும் பாவைகளாலேயே எடுக்கப்பட்ட கிறிஸ்துமஸ் பற்றிய படமொன்று வெளிவந்து மக்களைக் கவர்ந்தது. அதன்பின்னும் அத்தகைய படங்கள் வந்துகொண்டேயிருக்கின்றன.

ஓப்ரையனின் வாழ்க்கையை வெற்றி என்பதா, தோல்வி என்பதா? முடித்த படங்களை எண்ணினால் சில. முடியாதவற்றை எண்ணினால் பல. பொருள் சேர்த்தாரல்லர், பெயரும் பிறர்போல் பரவவில்லை. பட்டம் பெற்று வெளியே செல்லும் நாம், ஒரு நாளின் உழைப்பிற்கு அன்று மாலையே பயன் காண விழைகிறோம். காணாவிடின் உழைப்பையே வெறுக்கிறோம். அவரோ ஒரு நாள் முழுவதும் நின்று சில விநாடிகளைச் செய்தார். அவ்விநாடிகளும் நிலைக்குமா, குப்பையில் எறியப்படுமா என்று தெரியாமலே செய்தார். இம்மியளவு நகர்த்தல், விலகி நிற்றல், மீண்டும் அணுகுதல் என்னும் இம்மூன்றையன்றி அவர் கலையில் வேறு மந்திரம் இல்லை. அவருடைய பெருந்துயரின் பின்னும் அவர் அம்மேசையருகே திரும்பி வந்தார்.

நண்பர்களே, கிங் காங் படத்தைக் காணும் வாய்ப்பு உங்களுக்குக் கிட்டுமாயின், குரங்கின் மார்பை உற்று நோக்குங்கள். காற்றில்லாத இடத்தும் அதன் மயிர் சிலிர்க்கும். அது குரங்கின் சினமன்று. பல ஆண்டுகளுக்குமுன் மறைந்த ஒருவருடைய விரல்கள், ஒரு படத்திற்கும் அடுத்த படத்திற்கும் இடையே, நாம் காணாத அவ்விருளில், அங்கே பட்டு விலகிய சுவடு அது.